ஏழாம் வகுப்பு டெக்சஸ் வரலாறு: ஓர் அம்மாவின் கேள்விக்குப் பதில்

வணக்கம். "கணக்கு என்றால் நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பேன், டெக்சஸ் வரலாறு எனக்கே தெரியாதே" என்று எழுதியிருந்தீர்கள். தமிழ்நாட்டில் படித்துவிட்டு அங்கே குடியேறிய பெற்றோர் பலருக்கும் இதே தவிப்புதான். டெக்சஸில் நான்காம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் மாநில வரலாறு பாடமாக வருகிறது. நீங்கள் பாடம் நடத்த வேண்டாம்; எங்கே தேடுவது என்று தெரிந்துகொண்டு மகளின் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

முதலில் 'ஹேண்ட்புக் ஆஃப் டெக்சஸ்'. 1897-ல் தொடங்கிய டெக்சஸ் மாநில வரலாற்றுச் சங்கம் நடத்தும் கலைக்களஞ்சியம் இது, இணையத்தில் இலவசம். கட்டுரைகளின் அடியில் நூற்பட்டியல் இருக்கும். அதையும் படிக்கப் பழக்குங்கள்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்தது: வட டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் 'போர்ட்டல் டு டெக்சஸ் ஹிஸ்டரி'. பழைய நாளிதழ்கள், கடிதங்கள், வரைபடங்கள், புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை இப்படிச் செய்து பாருங்கள். 1900 செப்டம்பர் 8 அன்று கால்வெஸ்டன் தீவைப் புயல் சூறையாடியது. அதைப் பற்றி ஹேண்ட்புக்கில் படித்துவிட்டு, போர்ட்டலில் அடுத்த பத்து நாள் நாளிதழ்களைத் திறங்கள். இறந்தவர் எத்தனை பேர் என்று அன்றன்று போட்டிருப்பதை மகள் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வரட்டும். இன்றைக்கும் 6,000 முதல் 12,000 வரை என்றுதான் மதிப்பிடுகிறார்கள். பாலங்கள் உடைந்து, தந்திக் கம்பிகள் அறுந்த ஊரிலிருந்து யார் எண்ணிச் சொல்லியிருக்க முடியும்? இந்தக் கேள்வி அவள் மனதில் எழுந்துவிட்டால் பாதிக் கட்டுரை முடிந்த மாதிரி.

ஒரு சின்ன எச்சரிக்கை. மங்கிய பழைய அச்சைக் கணினி படிக்கும்போது எழுத்துகள் பிசகும். சொல்லை வைத்துத் தேடிக் கிடைக்காவிட்டால், தேதியை வைத்துத் தேடுங்கள்.

நாளைக்கே வேலை மாற்றலாகி வேறு மாநிலம் போனாலும் கவலை வேண்டாம். வாஷிங்டன் மாநிலத்துக்கு 'ஹிஸ்டரிலிங்க்', ஜார்ஜியாவுக்கு 'நியூ ஜார்ஜியா என்சைக்ளோபீடியா' இருக்கின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'குரோனிக்ளிங் அமெரிக்கா'வில் பல மாநிலங்களின் பழைய நாளிதழ்களும் கிடைக்கும்.

சரி, உங்கள் உண்மையான பயத்துக்கு வருகிறேன். "வரலாறுதான் படிப்பேன் என்கிறாள், வேலை கிடைக்குமா?" அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. தயவுசெய்து இந்த ஆர்வத்தை அணைத்துவிடாதீர்கள். நான்கு ஆதாரங்களை ஒப்பிட்டு, எது நம்பத்தக்கது என்று எழுதிக் காட்டுகிற பழக்கம் சட்டத்துக்கும் இதழியலுக்கும் நேரடியாக உதவும். ஆவணக் காப்பகத்திலேயே வேலை பார்க்க விரும்பினால், பெரும்பாலும் நூலக அறிவியலில் முதுகலை கேட்பார்கள். கணக்கையும் விடாமல் படிக்கட்டும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு மறுபடி பேசுவோம்.

இப்போதைக்குப் பள்ளியின் சமூக அறிவியல் ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: 'நேஷனல் ஹிஸ்டரி டே' போட்டியில் பள்ளி கலந்துகொள்கிறதா? 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை சேரலாம். அந்தக் கால்வெஸ்டன் தாளைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். போட்டிக்கு அதிலிருந்தே தொடங்கலாம்.