வாசகர் கேள்வி – பதில்: ஊருணிக் கரைக் கீரையில் ஒமேகா-3

கேள்வி: மழை பெய்துவிட்டால் எங்கள் ஊர் ஊருணிக் கரையிலும் கொல்லையிலும் பருப்புக்கீரை தானாக முளைக்கும். உடற்சூட்டுக்கு நல்லதென்று அப்பத்தா அதை மசியல் செய்வார். மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு இதிலும் உண்டு என்கிறார்களே, சைவ உணவு உண்ணும் நாங்கள் மீன் எண்ணெய் மாத்திரைக்குப் பதிலாக இதையே நம்பலாமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: அப்பத்தாவின் மசியலைத் தாராளமாகத் தொடருங்கள், ஆனால் மீனில் இருப்பதும் கீரையில் இருப்பதும் ஒரே பொருள் அல்ல.

கொழுப்பே கலவாத தீனி தின்ற எலிகள் வளர்ச்சி குன்றித் தோல் உரிந்து நலிவதை, 1929-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் கண்டறிந்தனர். உடல் தானாக உருவாக்கிக்கொள்ள இயலாத, உணவின் வழியே பெற்றாக வேண்டிய கொழுப்பு அமிலங்கள் உண்டு என்பது அதன்பிறகே தெளிவாயிற்று. அவை ஒமேகா-6 வகையைச் சேர்ந்த லினோலிக் அமிலமும், ஒமேகா-3 வகையைச் சேர்ந்த ஆல்ஃபா லினோலெனிக் அமிலமும் ஆகும். செட்டிநாட்டு அடுப்படியில் முன்னதற்குக் குறைவே இல்லை. நல்லெண்ணெயில் ஏறத்தாழ 40 விழுக்காடு லினோலிக் அமிலம்தான். பின்னதோ நல்லெண்ணெயிலும் கடலையெண்ணெயிலும் பெயரளவுக்கே உள்ளது. இந்த இடத்தில்தான் கீரை கைகொடுக்கிறது. இலையில் பச்சையத்தைத் தாங்கி நிற்கும் மெல்லிய சவ்வுகளில் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் செறிந்திருப்பதால் எல்லாக் கீரைகளிலும் அது சிறிதளவு இருக்கும். பருப்புக்கீரையில் 100 கிராமுக்கு 300 முதல் 400 மில்லிகிராம் வரை காணப்படுகிறது. நாளொன்றுக்குப் பெண்களுக்கு 1.1 கிராமும் ஆண்களுக்கு 1.6 கிராமும் போதுமென்பது அமெரிக்க ஊட்டச்சத்துப் பரிந்துரை. காசு கொடுக்காமல் கிடைக்கும் ஒரு கீரைக்கு இது பெரிய பங்களிப்பு என்றே நான் கருதுகிறேன்.

எனினும் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டி.எச்.ஏ. என்னும் நீண்ட கொழுப்பு அமிலத்தை மீன் நேரடியாகத் தருகிறது. கீரையில் உள்ளதை நம் உடல் மாற்றித்தான் ஆக வேண்டும், அப்படி மாறுவதும் மிகச் சொற்பமே. மீனுக்கே அது கடலின் நுண்பாசிகளிலிருந்துதான் வருகிறது. எனவே மருத்துவர் உங்களுக்கு மாத்திரை எழுதியிருந்தால் அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். நுண்பாசி எண்ணெயில் செய்த சைவ மாத்திரை பொருந்துமா என்று அவரிடமே கேளுங்கள். ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் கூடுதலாக வேண்டுமெனில், எண்ணெயில் பாதிக்குமேல் அதையே கொண்ட ஆளிவிதையைப் பொடித்து உண்ணலாம். சர்பத்தில் போடும் சப்ஜா, அதாவது திருநீற்றுப்பச்சிலை விதையின் எண்ணெயிலும் அது மிகுதி.

பறிக்கும்போது கவனம் தேவை. தண்டை ஒடித்தால் பால் வடியும் செடி பருப்புக்கீரை அன்று. அது அம்மான்பச்சரிசி இனத்தைச் சேர்ந்தது. உருவில் ஒத்திருக்கும் சாரணையின் பூ வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். பருப்புக்கீரையின் பூ மஞ்சள். சாக்கடை நீர் சேரும் இடத்திலும் களைக்கொல்லி தெளித்த வயலிலும் பறிக்க வேண்டாம். இக்கீரையில் ஆக்சலேட் மிகுதியாதலால் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்ப்பதே நலம். மற்றவர்கள் வேகவைத்த நீரை வடித்துவிட்டுத் தயிரோடு சேர்த்து உண்ணலாம்.

கேள்வி: அப்படியானால் முடக்கத்தான், ஆமணக்கு போன்ற மூலிகை விதைகளைச் செக்கில் ஆட்டி உணவில் சேர்க்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: கூடாது. மூலிகையின் இலை உணவாவதால் அதன் விதையும் உணவாகிவிடாது. முடக்கத்தான் இலையைத் தோசை மாவில் அரைத்துச் சேர்க்கிறோம். அதன் விதை எண்ணெயிலோ சயனைடு தொடர்புடைய கொழுப்புகள் உள்ளன. விளக்கெண்ணெயின் பெரும்பகுதி பேதியை உண்டாக்கும் ரிசினோலிக் அமிலம். ஆமணக்கு விதையோ கொடிய நஞ்சுடையது. விளக்கேற்ற நாம் பயன்படுத்தும் இலுப்பையெண்ணெயில்கூட லினோலிக் அமிலம் ஓரளவே உண்டு, ஒமேகா-3 இல்லையென்றே சொல்லலாம். ஆகவே இத்தேவைக்காக அதை நாடிப் பயனில்லை.