அஞ்சி ஆண்ட ஆளுநர்கள்

கேள்வி: சீனாவை வாசலில் வைத்துக்கொண்டே ஒன்றரை நூற்றாண்டு காலம் பிரிட்டிஷார் ஹாங்காங்கை அஞ்சாமல் ஆண்டார்களே, அந்தத் துணிச்சல் இன்றைய ஆட்சியாளர்களுக்கு ஏன் இல்லை? – ஒரு வாசகர், கும்பகோணம்.

பதில்: இன்றைய ஆட்சியாளர்கள் ஒருபுறம் இருக்கட்டும். ‘அஞ்சாமல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி மேலே படிக்க எனக்கு மனம் வரவில்லை. 1842-இல் பீரங்கிக் கப்பல்களோடு வந்து தீவை எழுதி வாங்கியபோது அஞ்ச வேண்டியவர்கள் சீனர்களாக இருந்தார்கள். சீனாவில் மாவோவின் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த 1949-க்குப் பின் நிலைமை தலைகீழாயிற்று.

1963 வறட்சியில் ஹாங்காங் மக்களுக்கு நான்கு நாட்களுக்கு ஒருமுறை, அதுவும் நான்கே மணி நேரம், தண்ணீர் விடப்பட்டது. பிறகு 1965 முதல் சீனாவின் தோங்ஜியாங் ஆற்று நீரை ஆங்கில அரசு காசு கொடுத்து வாங்கியது. ஆக, மகாராணியின் பிரதிநிதி முகம் கழுவும் குழாயின் திருகு, மாவோவின் நாட்டில் இருந்தது. 1967 கோடையில் நகரத் தெருக்களில் சீன ஆதரவு இடதுசாரிகளின் குண்டுகள் வெடித்தன. ஷா டவ் கொக் எல்லையில் ஐந்து போலீஸ்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெய்ஜிங்கில் மாவோவின் இளைஞர் படையான செங்காவலர்கள் பிரிட்டிஷ் தூதரகத்தைக் கொளுத்தினர். இத்தனைக்கும் நடுவில் ஆளுநர் டிரெஞ்சின் அரசு, கூடுதல் தண்ணீர் கிடைக்குமா என்று அதே சீனாவிடம் கேட்டுவிட்டுக் காத்திருந்தது. பதிலே வரவில்லை; ஆனால் ஒப்பந்தத்தில் குறித்த அக்டோபர் 1 அன்று, சீனப் புரட்சியின் ஆண்டு விழா நாளிலேயே, தண்ணீர் வந்து சேர்ந்தது. ஏகாதிபத்தியத்தை ஒழிப்பது வேறு, அதனிடம் தண்ணீர் வரி வசூலிப்பது வேறு என்பதில் மாவோவின் அதிகாரிகள் தெளிவாக இருந்திருக்கிறார்கள்.

பக்கத்தில் போர்த்துகீசியர் ஆண்ட மக்காவு நகரில் இந்தப் பூச்சும் இல்லை. 1967 ஜனவரியில் போர்த்துகீசிய ஆளுநர், சீன வர்த்தக சபைக்கே நேரில் போய், மாவோ படத்தின் கீழ் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார்.

வெள்ளைக்காரன் ஆட்சியே மேல் என்று மாதம் தவறாமல் எனக்கு எழுதும் அன்பர்கள் இதற்குள் பேனாவைத் திறந்திருப்பார்கள். ஹாங்காங்கில் லஞ்சத்தை ஒடுக்க 1974-இல் ஆணையம் அமைத்ததை நானும் மெச்சுகிறேன். ஆனால் அஞ்சியது அண்டை நாட்டுக்கு. அந்த அச்சத்துக்கு விலை கொடுத்தது சொந்தக் குடிமக்கள். 1946-இல் ஆளுநர் மார்க் யங் மக்களுக்கு வாக்குரிமை தரத் திட்டம் தீட்டினார். 1952-இல் அதைக் கைவிட்டார்கள். சீனாவுக்குக் கோபம் வரும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கேள்வி கேட்காத குடிகள் ஆளுநருக்கு வசதியானவர்கள் என்பது சொல்லப்படாத காரணம் என்பேன். சட்டசபைக்கு மக்கள் முதன்முதலாக நேரடியாக வாக்களித்தது 1991-இல், அதுவும் 60 இடங்களில் 18-க்கு மட்டும். நியமன உறுப்பினரே இல்லாத சபை 1995-இல்தான் அமைந்தது. அதையும், ஹாங்காங் கைமாறிய 1997 ஜூலை 1 அன்று சீனா அகற்றிவிட்டு, முன்கூட்டியே எல்லைக்கு அப்பால் தன் ஷென்ஜென் நகரில் கூட்டி வைத்திருந்த தற்காலிகச் சபையை அந்த இடத்தில் அமர்த்தியது.