அப்பத்தாவை ஏன் கேட்கவில்லை?

கேள்வி: தேவகோட்டை பூர்வீக வீட்டில் நாலு தலைமுறைக் கடிதங்களும் டைரிகளும் மரப்பெட்டிகளில் கிடக்கின்றன. 1948-இல் பர்மாவில் நில தேசியமயச் சட்டம் வந்தபோது, நஷ்டஈடு கேட்டு எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) டெல்லிக்கும் ரங்கூன் தூதரகத்துக்கும் எழுதிய கோப்புகளும் உண்டு. லேமினேட் செய்யலாமா? நூலகத்துக்குக் கொடுத்துவிடலாமா? தமிழ்க் கடிதங்களைப் படிக்க 89 வயது அப்பத்தாவுக்கு மட்டும்தான் தெரியும். அவரைத் தொந்தரவு செய்யவில்லை.
- வாசகர், சென்னை

பதில்: லேமினேட் வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை அப்புறம் பிரிக்க முடியாது. செலோடேப்பும் கூடாது. துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, பெட்டிகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் வையுங்கள். நூலகம் என்றால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. உங்கள் பக்கத்துக் கோட்டையூர்க்காரர் சேர்த்த புத்தகங்களை வைத்து 1994-இல் தொடங்கியது. போய்ப் பேசுங்கள்.

சரி, உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். 'தொந்தரவு செய்யவில்லை' என்பதை மரியாதை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சோம்பலாகத்தான் படுகிறது. டெல்லிக் கோப்பு இங்கிலீஷில் டைப் அடித்தது, எவரும் எப்போதும் படிக்கலாம். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதம் அப்படியா? மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்திருக்க மாட்டார்கள். தொகையெல்லாம் தமிழ் எண்ணில் இருக்கும். வருஷத்துக்கு ௵, மேற்படிக்கு ௸. இதையாவது தெரிந்தவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். ஆள் யார் என்று எவர் சொல்வது? பேரனுக்கு ஐயா பெயரை வைக்கிற ஊர் உங்களுடையது. பங்காளி வீடுகளையும் சேர்த்தால் ஒரே பெயரில் ஐந்தாறு பேர் தேறுவார்கள். 'சிதம்பரம் வந்து சேர்ந்தான், செலவுக்குக் கொடுத்தேன்' என்றிருந்தால் எந்தச் சிதம்பரம்?

அதைவிட எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். ஐயா ரங்கூனிலிருந்து எழுதியதில் பாதி அப்பத்தா பெயருக்கே வந்திருக்கும். எழுதியவர் போய்விட்டார், வாங்கியவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கடிதத்தை நூலகத்துக்குக் கொடுக்கலாமா என்று முன்பின் தெரியாத என்னைக் கேட்கிறீர்கள்! பேரன் என்றால் பெட்டிச் சாவி மட்டும் இல்லை தம்பி.

இந்த வாரக் கடைசியிலேயே பஸ் ஏறுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கட்டுக்கு மேல் பிரிக்காதீர்கள். காலையில் வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) வெளிச்சம் நன்றாக இருக்கும்போது, எழுத்து பெரிதாக உள்ள ஒன்றை முதலில் கையில் கொடுங்கள். செல்போனில் பதிவு செய்வதானால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பெயர் வரும்போதெல்லாம், யார் மகன், எந்த வீடு என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். ஏதாவது ஒரு கடிதத்தை வாய்விட்டுப் படிக்காமல் மடித்து மடியில் வைத்துக்கொண்டால், அதைத் திருப்பிக் கேட்காதீர்கள்.