வாசகர் கேள்வி–பதில்: வேலியில் ஏறும் செந்தட்டி

கேள்வி: மாந்தோப்பு வேலியில் கிளுவை மேல் ஒரு கொடி படர்ந்திருக்கிறது. புல் அறுக்கும்போது கையில் பட்டால் நெருப்பாய் எரிந்து தடித்துவிடுகிறது. இது பூனைக்காலியா, செந்தட்டியா? எப்படி ஒழிப்பது?
– வாசகர், போச்சம்பள்ளி

பதில்: இலை பட்டதுமே எரிகிறதென்றால் அது செந்தட்டி. சிறுகாஞ்சொறி என்பதும் இதையே. பூனைக்காலிக்கு அவரை போல மூன்று சிற்றிலைகள் இருக்கும். காயின் மேலுள்ள சுணைதான் அரிக்கும். செந்தட்டியில் ஒவ்வொரு கணுவிலும் ஒற்றை இலை, ஓரம் ரம்பப் பல். தண்டு, இலை, காய் எங்கும் சுணை. காயைத் தொடாமல் குனிந்து பாருங்கள்: ஆமணக்குக் காயைச் சுண்டைக்காய் அளவுக்குச் சுருக்கியதுபோல மூன்று புடைப்புகள் தெரியும். ஆமணக்கும் செந்தட்டியும் ஒரே குடும்பம்.

அரிவாளால் மேலே அறுத்துவிட்டால் அடிவேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். மழை பெய்து மண் இளகிய மறுநாள், முழுக்கைச் சட்டையும் தடித்த ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு, கொடியைத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுங்கள். பிறகு களைக்கொத்தால் வேரோடு தோண்டுங்கள். துணிக் கையுறை போதாது, சுணை ஊடுருவிவிடும். காய் வெடித்து விதை சிதறுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். கொடி காய்ந்தாலும் சுணை போகாது. அதனால் மாட்டுத் தீவனத்தோடு கலக்காமல் தனிக் குழியில் புதையுங்கள்.

பட்ட இடத்தைத் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் ஒடிந்த சுணை இன்னும் உள்ளே இறங்கும். ஒட்டும் டேப்பை லேசாக அழுத்தி உரித்தெடுங்கள். நாலைந்து முறை புதுத் துண்டு டேப்பால் இப்படி எடுத்தபின் சோப்புத் தண்ணீரில் கழுவி, கலமைன் லோஷன் தடவலாம். சாணம் அப்புவது வேண்டாம். கீறல் இருந்தால் புண்ணில் கிருமி சேரும். உதடு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுக்காரர்கள் காஞ்சொறி இலையில் சூப் வைப்பதை வீடியோவில் பார்த்தேன். எங்கள் காட்டோரச் செந்தட்டியில் வைக்கலாமா?
– வாசகி, பென்னாகரம்

பதில்: வேண்டாம். அவர்கள் சமைப்பது உர்டிகா டையோய்கா. அது வேறு குடும்பம். அதன் சுணை, மருந்து ஏற்றிய ஊசி மாதிரி. கண்ணாடிபோல ஒடியும் சிலிக்கா முனை, உள்ளே ஹிஸ்டமின் கலந்த திரவம். வெந்நீரில் போட்டதும் சுணை குழைந்து அடங்கிவிடும். நம் செந்தட்டியின் (டிராகியா இன்வாலுக்ரேட்டா) சுணை நுனியில் இருப்பது கால்சியம் ஆக்சலேட் படிகம். அது கொதிநீரில் கரையாது. இரண்டுக்கும் ஒரே பக்குவம் என்று எண்ணினால் நாக்கும் தொண்டையும்தான் பாடுபடும்.

நாட்டு மருத்துவத்தில் செந்தட்டி வேரைக் காய்ச்சலுக்கும் சொறி சிரங்குக்கும் கஷாயமாக்குவது பழைய வழக்கம். அளவும் வேரைச் சுத்தி செய்யும் முறையும் சித்த மருத்துவர் சொன்னபடிதான் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வீட்டில் நீங்களாகக் காய்ச்சிக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. இந்த இலையில் முள்முள்ளான புழுக்களைப் பார்த்தால் மருந்து அடிக்காதீர்கள். ஆமணக்கிலும் செந்தட்டியிலும் வளரும் பழுப்புநிறப் பட்டாம்பூச்சியின் புழுக்கள் அவை. ஆள் நடமாடாத காட்டோரத்தில் நான்கு கொடிகளை அவற்றுக்கென விட்டுவைக்கலாம்.