சின்ன டிங்கி: முதலில் துடுப்பு, பிறகு பாய்

கே: நானும் மனைவியும், பத்து வயதுப் பையனும். வார இறுதியில் காயலில் துடுப்பு வலிக்க, காற்று இருந்தால் பாய் விரிக்க, எட்டடி டிங்கி (சின்னத் திறந்த படகு) போதுமா?

போதாது. எட்டடிப் படகில் பின் இருக்கையில் ஒரு பெரியவர் உட்கார்ந்ததுமே பின்பக்கம் அமிழ்ந்துவிடும். பிறகு எவ்வளவு வலித்தாலும் படகு தண்ணீரை இழுத்துக்கொண்டுதான் வரும். பத்து முதல் பதினோரு அடி நீளம், சுமார் நாலடி அகலம், 60 கிலோவுக்கு மேற்படாத எடை: இதற்குள் தேடுங்கள். அதைவிடக் கனத்தால் இரண்டு பேரால் தூக்க முடியாது. தூக்க முடியாத படகு கரையோரத்திலேயே கிடந்து கெடும்.

வாங்குமுன் மூவரும் ஏறி உட்காருங்கள். வெளியில் நிற்கும் ஒருவர் பின்பலகையின் (படகின் பின்முனையை மூடி நிற்கும் பலகை) கீழ்விளிம்பைப் பார்க்கட்டும். அது நீர்மட்டத்தை ஒட்டியோ சற்று மேலேயோ இருந்தால் படகு லேசாக ஓடும். மூன்று நான்கு அங்குலம் மூழ்கினால் அந்தப் படகு உங்களுக்கு வேண்டாம். ரோலாக் (துடுப்பைத் தாங்கிப் பிடிக்கும் கவை) பொருத்த இரண்டு இடம் இருப்பதும் அவசியம். தனியாக வலிக்கும்போது நடு இருக்கை. பின்னால் ஆள் இருந்தால் நீங்கள் அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்பக்கம், நகர வேண்டும்.

பந்தயங்களில் பெயர்பெற்ற 'லேசர்' வகையைத் தவிருங்கள். பாயில் அருமையான படகுதான். ஆனால் உட்கார்ந்து துடுப்பு வலிக்க அதில் இருக்கையே கிடையாது. 'ஆப்டிமிஸ்ட்' ஒரு பிள்ளைக்கான படகு.

கே: ஃபைபரா, பிளாஸ்டிக்கா, பிளைவுட்டா? எதற்குப் பராமரிப்பு குறைவு?

தமிழகக் கடற்கரையில் இருப்பவருக்கு ஃபைபர். காரணம் எளிது: மீன்பிடிப் படகுகள் பெரும்பாலும் ஃபைபராகிவிட்டதால் ரெசின் பசையும் கண்ணாடியிழை விரிப்பும் வைத்து ஒட்டத் தெரிந்தவர் பக்கத்திலேயே கிடைப்பார். பாலிஎத்திலீன் படகு பாறையில் இடித்தாலும் தாங்கும். ஆனால் கிழிந்தால் ரெசின் ஒட்டாது, பிளாஸ்டிக் வெல்டிங்தான் செய்ய வேண்டும். வெயிலில் இரண்டே கட்டைமேல் வைத்தால் அடிப்பாகம் அந்த இடத்தில் குழிந்துவிடும். பிளைவுட் என்றால் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை, எல்லா வெட்டுமுனையிலும் நீர் புகாத எபாக்சி பூச்சு. மரத்தை அழுகச் செய்வது பெரும்பாலும் கடல்நீர் அல்ல, உள்ளே தேங்கும் மழைநீர்.

பழைய ஃபைபர் படகைப் பார்க்கும்போது ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் அடிப்பாகம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். 'டிக் டிக்' என்று கணீரென வந்த ஒலி ஓரிடத்தில் 'தொப்' என்று மங்கினால் அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. பின்பலகையையும் ரோலாக் அடியையும் இரண்டு முறை தட்டுங்கள். உள்ளே மரம் வைத்து மூடியிருந்தால் திருகாணித் துளை வழியே நீர் இறங்கி ஊறியிருக்கும்.

எந்தப் பொருளானாலும் படகைத் தண்ணீரிலேயே கட்டிப்போடாதீர்கள். உப்புநீரில் சில வாரங்களிலேயே பாசியும் சிப்பியும் ஏறும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில், காற்றோட்டம் விட்டுக் கவிழ்த்து வையுங்கள். தார்ப்பாயால் இறுகச் சுற்றினால் உள்ளே ஈரம் புழுங்கும்.

கே: துடுப்பு எத்தனை அடி?

இரண்டு ரோலாக்குகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அங்குலத்தில் அளந்து பாதியாக்குங்கள், 2 கூட்டுங்கள், 7ஆல் வகுத்து 25ஆல் பெருக்குங்கள். 48 அங்குலம் என்றால் 24, 26, கடைசியில் ஏறக்குறைய 93. அதாவது ஏழே முக்கால் அடி. கடைகளில் படகோடு சேர்த்துத் தள்ளிவிடும் ஐந்தடி, ஆறடித் துடுப்பை வாங்கினால் கை ஓயாமல் சுழலும், படகு நகராது.

ரோலாக் இருக்கும் இடமும் முக்கியம். வலிப்பவர் படகின் பின்பக்கம் பார்த்து உட்காருவார். ரோலாக், அவர் முழங்கால் பக்கத்து இருக்கை விளிம்பிலிருந்து 12 அங்குலம் பின்பக்கமாகத் தள்ளி, இருக்கையைவிட 7 அல்லது 8 அங்குலம் உயரத்தில் இருக்கட்டும். தாழ்ந்திருந்தால் துடுப்பை முன்னே கொண்டுபோகும்போது கைப்பிடி தொடையில் இடிக்கும். குதிகால் உதைக்கத் தரையில் ஒரு குறுக்குச் சட்டம் அடித்துவிடுங்கள். சட்டம் இல்லாவிட்டால் வலிக்கும் பலம் படகுக்குப் போகாமல் உங்களையே இருக்கையில் வழுக்கவைக்கும்.

கே: லண்டனில் பழைய 'மிரர்' டிங்கி ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

தாராளமாக, பார்த்து வாங்குங்கள். படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், தொலைக்காட்சியில் வீட்டுக் கைவேலை கற்றுத்தந்த பாரி பக்னெலும் 1960களின் தொடக்கத்தில், வீட்டிலேயே செய்துகொள்ளும் படகாக உருவாக்கியது அது. 3.3 மீட்டர், 45 கிலோ சொச்சம். பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டில் கண்ணாடியிழை நாடா ஒட்டிய கட்டமைப்பு. பாய்மரம் இரண்டு துண்டாகப் பிரிவதால் எல்லாக் கட்டைகளும் படகுக்குள்ளேயே அடங்கும். துடுப்புக்கும் ஏற்றது.

மிதவை அறைகளின் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை வந்தால் ஈரம் குடியிருக்கிறது. நடுப்பலகைக் கூட்டின் (படகு பக்கவாட்டில் சறுக்காமல் இருக்க நீருக்குள் இறக்கும் பலகையைச் சொருகும் கூடு) அடி, பின்பலகை மூலைகள் இரண்டிலும் பேனாக் கத்தி நுனியால் அழுத்திப் பாருங்கள். கத்தி இறங்கினால் விட்டுவிடுங்கள்.

கே: ஒற்றை லக் பாய் (பாய்மரத்தின் குறுக்கே சாய்ந்து நிற்கும் கட்டையில் கட்டிய நாற்கோணப் பாய்) போட்ட பத்தடிப் படகு. காற்றோடு ஓடுகிறது, எதிர்க்காற்றில் ஏற மாட்டேன் என்கிறது.

முதலில் பாயை மாற்றாதீர்கள். பக்கவாட்டுக் கயிறுகள் இல்லாமல் நிற்கும் ஒரு பாய்மரம், ஏற்ற ஒரு கயிறு, பிடிக்க ஒரு கயிறு: எப்போதாவது பாய் விரிப்பவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

பாயில் விழும் மடிப்பைப் பாருங்கள். முன் மேல்மூலையிலிருந்து பின் கீழ்மூலைக்கு ஒரு மடிப்பு ஓடினால், பாயைக் கீழே இழுக்கும் கயிறு தளர்ந்திருக்கிறது. பின் மேல்நுனியிலிருந்து முன் கீழ்மூலைக்கு மெல்லிய மடிப்பு விழும்வரை இறுக்குங்கள். காற்று நிறைந்ததும் அது மறைந்துவிடும். வெறுங்கையால் அந்த இறுக்கம் வராது. சின்னக் கப்பி வைத்து மூன்று மடங்கு பலம் கிடைக்கும்படி கட்டுங்கள். கயிறு 6 மி.மீ. பாலியஸ்டர், நைலான் நீளும்.

அப்படியும் ஏறாவிட்டால் நடுப்பலகை முழுதாக இறங்கியிருக்கிறதா, நீங்கள் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

கே: துடுப்பு வலிக்கும்போது நடுப்பலகைத் துளை வழியே தண்ணீர் தெறிக்கிறது.

பலகையின் அதே குறுக்களவில் மரத்துண்டு ஒன்று செதுக்கி, அடிப்பாகத்தோடு சமமாக நிற்கும்படி சொருகுங்கள். தெறிப்பு நிற்கும், படகும் வேகம் எடுக்கும்.

கே: கவிழ்ந்தால் மிதக்குமா என்று எப்படி அறிவது?

இடுப்பளவுத் தண்ணீரில் நீங்களே கவிழ்த்துப் பாருங்கள். நிமிர்த்திய பிறகு நடுப்பலகைக் கூட்டின் மேல்வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். மூழ்கியிருந்தால், வாளியால் இறைக்க இறைக்கத் தண்ணீர் அதே துளை வழியே உள்ளே வரும். ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும்; இறுக மூடிய இரண்டு லிட்டர் பாட்டில்கள் ஐம்பதை இருக்கைகளுக்கு அடியில் வலைகட்டி அடைத்தால் நூறு கிலோ. சோதனையின்போதும் எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும்.