ஆட்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் ரிப்பேர் வேலை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

குடும்பங்கள் உள்ளே இருக்கும்போதே பெரிய ரிப்பேர் வேலை நடத்துவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததில் நிறைய ஹெல்மெட் பற்றித்தான். ஹெல்மெட் வேண்டியதுதான், ஆனால் பால் வாங்கப் போகிறவரும் பள்ளிக்கூடப் பிள்ளையும் அதைப் போட்டுக்கொண்டு இறங்க மாட்டார்களே. வேலை நடக்கிற இடமும் ஆட்கள் நடக்கிற வழியும் ஒன்றாகாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் காரியம்.

வேளச்சேரியிலிருந்து: நான்கு மாடி, வெளிப்பூச்சும் பெயின்டும். சவுக்குச் சாரம் கட்டி பச்சை வலையும் போட்டாச்சு. இருப்பது ஒரே படிக்கட்டு, அதன் வாசலுக்கு நேர் மேலே சாரம். இது போதுமா சார்?

போதாது. பச்சை வலை தூசியையும் சின்னக் காரைத் துணுக்கையும் பிடிக்கும், கை நழுவின சுத்தியலும் அரைச் செங்கல்லும் அதைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். வாசலிலிருந்து சாரத்தின் வெளி விளிம்பைத் தாண்டி இன்னும் சில அடி வரைக்கும் கெட்டிப் பலகையில் கூரை போடச் சொல்லுங்கள், வெறும் தகரம் வேண்டாம். மேலே ஆள் நின்று வேலை செய்யும் பலகையின் ஓரத்தில், காலில் பட்டு எதுவும் உருண்டு விழாமலிருக்க, ஆறு அங்குல உயரத்துக்கு ஒரு தடுப்புப் பலகை வேண்டும். இதைக் கேட்டால் மேஸ்திரி சிரிப்பார், சிரிக்கட்டும். வாசலுக்கு நேர் மேலே காரை கொத்துவதை ஸ்கூல், ஆபீஸ் நெரிசல் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், கீழே விசிலோடு ஒருவர் நிற்கட்டும், ஆள் வந்தால் மேலே கை நிற்க வேண்டும்.

அப்புறம், சாரத்தை எதோடு கட்டியிருக்கிறார்கள் என்று நீங்களே போய்ப் பாருங்கள். ஜன்னல் கிரில்லிலோ பால்கனி கைப்பிடியிலோ கட்டியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள், துருப்பிடித்த கிரில் சாரத்தோடு சேர்ந்து வந்துவிடும். ஐப்பசி மழையில் நனைந்து காய்ந்த கயிறு தளரும், அதனால் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் முடிச்சுகளைப் பார்த்துவிட்டுத்தான் ஆளை ஏற்ற வேண்டும். குடியிருப்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சாரத்தில் ஈரத்துணி காயப்போடுவார்கள். ஏசி மெக்கானிக் ஒருவர் அவுட்டோர் யூனிட்டை எடுக்க இடைஞ்சல் என்று ஒரு குறுக்குக் கம்பை அவிழ்த்துவிட்டு அப்படியே போனதை நானே பார்த்திருக்கிறேன். சாயங்காலம் வேலை முடிந்ததும் கீழ் ஏணியை எடுத்துப் பூட்டி வைக்கவும், இல்லையென்றால் பிள்ளைகள் ஏறுவார்கள், திருடனுக்கும் வசதி.

திருவொற்றியூரிலிருந்து: பழைய பிளாக். தூண்களில் கம்பி தெரிகிறது. எல்லாத் தூணையும் ஒரேயடியாகக் கொத்தி முடித்துவிடலாம், யாரும் வீட்டைக் காலி பண்ண வேண்டாம் என்கிறார் காண்ட்ராக்டர்.

உங்கள் பக்கத்திலேயே 2021 டிசம்பர் 27 அன்று அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பு பிளாக் ஒன்று இடிந்ததே, விரிசலைப் பார்த்த ஜனங்கள் முன்னாடியே வெளியே வந்ததால்தான் உயிர்ச்சேதம் இல்லை. தூணைக் கொத்துவதற்கு முன்னால் மேலே வருகிற பாரத்தை ஜாக்கி முட்டுகள் தாங்கியாக வேண்டும், அடுத்தடுத்த தூண்களை ஒரே சமயத்தில் தொடவே கூடாது. எத்தனை முட்டு, எந்த வரிசை என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுத்தில் தரட்டும், மேஸ்திரியின் அனுபவம் இதற்கு ஆகாது. காலி பண்ணலாமா வேண்டாமா என்பதும் இன்ஜினியர் சொல்ல வேண்டியதுதான். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி வையுங்கள். கண்ணாடி உடைந்தாலோ கதவு திடீரென்று பிடிக்க ஆரம்பித்தாலோ கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்காமல் எல்லாரும் இறங்கிவிடுங்கள்.

பெரம்பூரிலிருந்து: பொது மீட்டர் போர்டிலிருந்து கரண்ட் எடுக்கிறார்கள். பிளக் இல்லை, வயரை நுழைத்துத் தீக்குச்சி செருகியிருக்கிறார்கள். சொன்னால் 'ரெண்டு நாள் வேலைதான் மேடம்' என்கிறார்கள்.

இன்றைக்கே நிறுத்துங்கள் அம்மா. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே ட்ரிப் ஆகும் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் ஸ்விட்ச்) போட்ட தனி போர்டு, முறையான பிளக், ஒட்டுப்போடாத கேபிள், அதுவும் தரையில் தண்ணீரில் கிடக்காமல் தலைக்கு மேலே போக வேண்டும். செலவு காண்ட்ராக்டருடையது.

அண்ணா நகரிலிருந்து: ராத்திரி பதினொரு மணிக்கு டைல்ஸ் கட்டிங். கேட்கலாமா?

தாராளமாக. சட்டப்படி இரவு 10 முதல் காலை 6 வரை இரவு நேரம், குடியிருப்புப் பகுதியில் ஒலி வரம்பு 45 டெசிபல். கட்டிங் மெஷின் சத்தம் அதைவிட ரொம்ப மேலே போகும்.

மடிப்பாக்கத்திலிருந்து: ஏதாவது விழுந்து வெளியாளுக்கு அடிபட்டால் அசோசியேஷன் மாட்டிக்கொள்ளுமா?

அசோசியேஷனையும் இழுப்பார்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே காண்ட்ராக்டரின் இன்சூரன்ஸ் பாலிசி நகலை வாங்கி, மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு அதில் இருக்கிறதா, முடிவுத் தேதி என்ன என்று பாருங்கள். வேலையாட்களுக்கான பாலிசி வேறு, இது வேறு. எல்லாம் சரி என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் அட்வான்ஸை நிறுத்தி வையுங்கள், நகல் வந்துவிடும்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: சம்ப்புக்குள், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்குள், வாட்டர் ப்ரூஃப் பூச்சு அடிக்க ஒரு ஆள் தனியாக இறங்குகிறார், பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய விஷயம்தான். பூச்சின் ஆவி மூடிய தொட்டியில் தேங்கும், உள்ளே இருப்பவர் மயங்குவது மேலே தெரியாது. மூடிகளையெல்லாம் திறந்து வைத்து, வேலை முடியும்வரை ப்ளோயர் ஓட வேண்டும், இடுப்பிலும் தோளிலும் பெல்ட் கட்டிய கயிற்றோடு இறங்க வேண்டும், மேலே ஒருவர் நகராமல் நிற்க வேண்டும். உள்ளே ஆள் விழுந்தால் காப்பாற்றுகிறேன் என்று இன்னொருவர் குதிக்கவே கூடாது, கயிற்றால் இழுத்துக்கொண்டே தீயணைப்புத் துறையின் 101க்கு போன் போடுங்கள். திறந்த சம்ப்பைச் சுற்றித் தடுப்பும் வையுங்கள், சாப்பாட்டு நேரத்தில் மூடியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.