கேசட் காலத்தில் இருந்து வீடியோ கேம் விலை ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா?

எண்ணைப் பார்த்தால் ஏற்றம். பண வீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் இறக்கம்தான்.

1990-களில் அமெரிக்காவில் ஒரு கேசட் 50 முதல் 70 டாலர். காரணம், உள்ளே இருந்த மெமரி சிப். பெரிய கேம் என்றால் பெரிய சிப், விலையும் கூடும். சிடி வந்ததும் அந்தச் செலவு சில்லறையாகிவிட்டது. 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற கேம் கருவி வந்தபோது ஒரு கேம் 60 டாலர், 2020-இல் 70, 2025-இல் 'மரியோ கார்ட் வேர்ல்ட்' 80. ஆனால் 1995-இன் 60 டாலர் இன்றைக்கு ஏறத்தாழ இரு மடங்குக்குச் சமம்.

நாகர்கோவிலில் நாங்கள் அந்த விலையைக் கண்டதே இல்லை. வடசேரியில் வாங்கிய மஞ்சள் நிற நகல் கேசட்டில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். திரும்பத் திரும்ப அதே பத்துப் பதினைந்து கேம்தான். ஓடாவிட்டால் ஊதிவிட்டுப் போடுவோம்.